வேண்டாம் என்று சொல்லாத ஊரில் ஒரு சேவை முகாம்

எங்கள் பல்கலைக்கழகத்தில் திடீரென்று எல்லாருக்கும் ஊருக்கு உழைக்கும் ஆசை வந்துவிட்டது. மாணவர்கள் படித்தால் மட்டும் போதாது, கிராமத்துக்குப் போய் நாலு நல்ல காரியம் செய்ய வேண்டும், அதற்கு ஒரு திட்டம் வேண்டும், திட்டத்துக்கு ஒரு குழு வேண்டும் என்றார்கள். குழு கூடித் தேநீர் குடித்தது. இந்தியாவில் இதை ஏற்கெனவே செய்கிறார்களாம், யாராவது போய்ப் பார்த்துவிட்டு வரட்டும் என்று முடிவாயிற்று. யார் போவது என்று சுற்றிப் பார்த்தபோது, விடுதி அலுவலகத்தில் புருஷன், பிள்ளை என்ற தொந்தரவு எதுவும் இல்லாமல் உட்கார்ந்திருந்த நான் கண்ணில் பட்டேன். யாழ்ப்பாணத்தில் பிறந்து மலைநாட்டில் உத்தியோகம் பார்த்துக்கொண்டிருந்த நான் கடல் தாண்டித் திருப்பூரில் வந்து இறங்கியது இப்படித்தான்.

திருப்பூரில் நான் முதலில் பார்த்தது பனியன். அதற்கு அடுத்துப் பார்த்ததும் பனியன். சைக்கிளில் பனியன் போனது, மாட்டு வண்டியில் பனியன் போனது, பனியனே போடாத ஒரு மனிதர் தலையில் பனியன் மூட்டையைச் சுமந்துகொண்டு போனார். சந்துக்குச் சந்து இயந்திரச் சத்தம். டீக்கடையில் பக்கத்து மேசைக்காரர், "ஓவர்லாக் மிஷின்ல ஊசி போயிருச்சுங்க, நைட் ஷிப்டே நின்னு போச்சுங்க" என்று யாரோ காலமாகிவிட்டதைப் போல மெல்லிய குரலில் சொன்னார். கேட்டவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு வருத்தப்பட்டார்.

இவர்கள் பேசுவதைக் கேட்க எனக்கு ஆசையாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. எங்கள் பக்கத்தில் மரியாதை இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் மனதில் பட்டதை முகத்துக்கு நேரே சொல்லிவிடுவோம். கல்யாண வீட்டுப் பந்தியில் உட்கார்ந்து, "உதென்ன கறி, உப்பையே காணேல்லை" என்று வீட்டுக்காரருக்குக் கேட்கச் சொல்வோம். அவரும் கோபிக்காமல் உப்பைக் கொண்டுவருவார். இங்கே அப்படி இல்லை என்பது ஊருக்குள் போகும் பஸ்ஸிலேயே தெரிந்தது.

முகாம் நடப்பது செங்காட்டுப்புதூரில். பெருமாநல்லூர் தாண்டித் தார்ச்சாலையில் இறங்கி உள்ளே நடக்க வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். பஸ்ஸில் ஆட்கள் பாதி, நூல் பெட்டிகளும் துணி மூட்டைகளும் பாதி. வழியில் ஒரு மேட்டில் பஸ் பெருமூச்சு விட்டு நின்றுவிட்டது. எல்லாரும் இறங்கித் தள்ளப் போனார்கள். நானும் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கினேன். கண்டக்டர் பதறிப்போனார்.

"நீங்க ஏறுங்க. ஒறம்பரை வந்து தள்றதாங்க?"

ஒறம்பரை என்றால் விருந்தாளி, உறவுக்காரர். நான் சிலோன்காரி என்பதை என் பெட்டியையும் பேச்சையும் வைத்துக் கண்டுபிடித்திருந்தார்கள். எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. கடைசியில் கைக்குழந்தைக்காரி உட்பட முழுப் பஸ்ஸும் கீழே நின்று தள்ள, நான் மட்டும் ஒரு மூட்டையின் மேல் மகாராணியைப் போல உட்கார்ந்து மேடேறினேன். அவ்வளவு வெட்கமான பயணம் என் ஆயுளில் இன்னொன்று இல்லை. யாரும் அதைச் சுமையாக நினைத்ததாகவும் தெரியவில்லை.

முகாம் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் நடந்தது. கோடை விடுமுறை என்பதால் வகுப்பறைகளில் கல்லூரிப் பையன்கள் பாய் விரித்திருந்தார்கள். அவர்களுக்குத் தலைவர் பேராசிரியர் வரதராஜன். தஞ்சாவூர்க்காரர், பொருளாதாரம் கற்பிப்பவர், கழுத்தில் எப்போதும் ஒரு விசில். வந்தவுடன் எனக்குத் திட்டத்தை விளக்கினார். ஊரிலிருந்து தார்ச்சாலைக்குப் போகும் வண்டித்தடம் மழை வந்தால் சேறு. துணி மூட்டை ஏற்றிய வண்டிகள் அச்சு வரை புதைந்துபோகும். அதை மேடுபடுத்தி, மண் கொட்டி, நல்ல ரோடாக்கிக் கொடுத்துவிட்டுத்தான் மாணவர்கள் ஊரைவிட்டுப் போவார்கள். சனிக்கிழமை அவர்களுடைய பல்கலைக்கழகத்திலிருந்து ஓர் அதிகாரி வந்து பார்ப்பார். முடித்திருந்தால் அடுத்த வருடமும் முகாமுக்கு அனுமதி.

"ஊர் ஜனங்களுக்குச் சம்மதமா?" என்று கேட்டேன்.

"கூட்டம் போட்டுக் கேட்டேனே! ஒருத்தர் மறுக்கலை. இந்த மாதிரி ஒத்துழைப்பை நான் எங்கேயும் பார்த்ததில்லை."

அவர் மறுபடியும் ஒரு கூட்டம் போட்டு எனக்குக் காட்டினார். "யாருக்காவது ஆட்சேபணை உண்டா?" என்று உரக்கக் கேட்டார். "ஆச்சேபணை என்னுங்க, நீங்க பாத்துச் செய்யுங்க" என்று கூட்டம் ஒரே குரலில் சொன்னது. எங்கள் ஊரில் இதே கேள்வியைக் கேட்டிருந்தால் வேலிச் சண்டையில் தொடங்கிப் பொழுது விடியும் வரை போயிருக்கும். பொறாமையாக இருந்தது.

முகாமில் பெண்கள் யாரும் இல்லாததால் என்னை ஊர்க்கோடியில் பழனாத்தாள் வீட்டில் தங்கவைத்தார்கள். உயரமான பெண், வயது முப்பத்தைந்து இருக்கலாம், நடந்தால் ஓட்டம் போல இருக்கும். புருஷன் ஆறுமுகம் பேசமாட்டார். மாட்டிடம்கூடத் தலையசைப்பில்தான் பேசுவார். பிள்ளைகள் விடுமுறைக்குப் பாட்டி வீட்டுக்குப் போயிருந்தார்கள். வீட்டை ஒட்டிச் சலவைப் பட்டறை. பனியன் துணி பின்னல் இயந்திரத்திலிருந்து வரும்போது நீளக் குழாயாக, பழுப்பு நிறமாக இருக்கும். அதைச் சோடாவில் வேகவைத்து, பிளீச்சிங் பவுடர் கரைத்த தொட்டியில் ஊறவைத்து, அலசி, கடைசியில் கொஞ்சம் நீலம் காட்டி வெயிலில் காயப்போட்டால் கண்ணைக் கூசும் வெள்ளையாகிவிடும். கிணற்று மேட்டுக்கு மேற்கே கம்பம் நட்டுக் கயிறு கட்டிய வெட்டவெளிதான் காயப்போடும் இடம். அதற்கும் மேற்கே அடுத்தாற்போல மாணவர்கள் போடப்போகும் ரோடு.

முதல் நாள் இரவுச் சாப்பாட்டுக்குச் சந்தவை பிழிந்து தேங்காய்ப்பால் ஊற்றினாள். வட்டிலைப் பார்த்தவுடன் எனக்குக் கண் கலங்கிவிட்டது. எங்கள் இடியப்பம்தான், வேறு பெயரில் இங்கே வாழ்ந்துகொண்டிருக்கிறது. அதன் மேல் ஊற்றும் சொதி மட்டும்தான் இல்லை. போதும் போதும் என்று நான் கையை விரிக்க, விரல்களுக்கு இடையிலேயே இன்னொரு பிடி சந்தவை போட்டாள். பிறகு தானாகவே தன் கதையைச் சொன்னாள்.

"கண்ணாலமாயி வந்த நாள்லருந்து அடுத்தவிங்க பட்டறைலதானுங்க வேலை. இப்பத்தான் சொந்தமாப் போட்டிருக்குது. நம்ம பேருல வந்த மொதல் லோடு இதுதானுங்க. வெள்ளிக்கிழமை கம்பெனி கட்டிங் மாஸ்டர் வந்து பாப்பாருங்க. அவருக்குப் புடிச்சாத்தான் அடுத்த லோடு."

"பிடிக்கேல்லையெண்டால்?" என்றேன். எங்கள் ஊர் வழக்கம், வாய் முந்திவிட்டது.

"மறுக்கா கூலிக்குத்தானுங்க போகோணும்" என்று சிரித்தாள். "தொட்டி கட்டுனது, மோட்டார் வாங்குனது எல்லாம் அப்பறம் சும்மாதானுங்க கெடக்கும்."

திங்கட்கிழமை காலை விசில் ஊதியது. பையன்கள் மண்வெட்டியோடு பாய்ந்தார்கள். செங்காட்டுப்புதூர் என்று அந்த ஊருக்குச் சும்மா பேர் வைக்கவில்லை. ஒரு கொத்துக் கொத்தினால் குங்குமம் போலப் புழுதி எழும்பியது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் மேல்காற்று அந்தச் சமயம்தான் தொடங்கியிருந்தது. பத்து மணிக்கெல்லாம் நான் முழுதாகச் சிவந்துவிட்டேன். மத்தியானம் தலையைத் துவட்டிய துண்டைப் பழனாத்தாள் பேசாமல் வாங்கிக்கொண்டு போய்த் துவைத்தாள்.

மோர்ப் பானையைத் தூக்கிக்கொண்டு அவளே ரோட்டுக்கு வந்தாள். எல்லாருக்கும் ஊற்றிவிட்டுப் பேராசிரியரிடம் கேட்டாள்: "சாமி, இது எப்பங்க முடியும்?"

"சனிக்கிழமைக்குள்ள முடிச்சிடுவோம்மா! கவலையே படாதீங்க!" என்றார் அவர். என் பக்கம் திரும்பி, "பாத்தீங்களா ஆர்வத்தை?" என்றார். அன்று பையன்கள் இன்னும் வேகமாக வெட்டினார்கள்.

மறுநாளும் மோர் வந்தது. இந்த முறை அவள் வேறு மாதிரி கேட்டாள். "சாமி, பசங்க வெயில்ல வாடறாங்களே. பொழுதோட, வெயில் சாஞ்சப்பறம் வேலை செஞ்சா ஆகாதுங்களா? அப்பக் காத்தும் இருக்காதுங்க." பேராசிரியர் உருகிப்போனார். தாயுள்ளம் என்றார். இளைஞர்களுக்கு வெயில் நல்லது, அதனால் அவள் ஒன்றும் யோசிக்க வேண்டாம் என்றும் சொன்னார். அவள் "ஆகட்டுங்க" என்று காலிப் பானையோடு திரும்பினாள்.

நான் அந்த வீட்டிலேயே இருந்தவள். விடிகாலையில் துணியை அலசுவார்கள், வெயிலேற அலசுவார்கள், சாயங்காலம் கயிற்றிலிருந்து எடுத்து மறுபடியும் தொட்டியில் போடுவார்கள். அடடா, ஒரு பனியனுக்கு இத்தனை சலவையா என்று வியந்தேன். கொங்கு நாட்டு மக்களின் சுத்தத்தைப் பற்றி என் அறிக்கைக்காக மனதுக்குள் ஒரு பத்தியே தயார் செய்துவிட்டேன். பிளீச்சிங் பவுடரில் ஊறி அவள் விரல் நுனிகள் வெடித்திருந்ததைப் பார்த்து, நல்லெண்ணெய் பூசும்படி யோசனையும் சொன்னேன்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் பழனாத்தாள் பள்ளிக்கூடத்துக்கே வந்துவிட்டாள். பசங்க பாவம், ஓய்வே இல்லை, அவிநாசிக் கோயிலுக்குப் போய்ச் சாமி கும்பிட்டுவிட்டு வரட்டுமே, தன் வீட்டு வண்டியையும் பக்கத்துத் தோட்டத்து வண்டிகளையும் சொல்லி வைத்திருப்பதாகச் சொன்னாள். கட்டுச்சோறும் கட்டித் தருகிறாளாம். பேராசிரியருக்குக் கண்ணில் தண்ணீர். மறுக்க முடியுமா?

அவிநாசிப் பயணம் ஆனந்தமாக இருந்தது, வண்டிச் சக்கரத்தின் கடையாணி கழன்று விழுந்த இடம் தவிர. நல்ல வேளையாக மாடு என்னைவிட நிதானமான சுபாவம்; நின்றுவிட்டது. பையன்கள் ஆணியைத் தேடிச் சோளக்காட்டில் பரவ, நான் வரப்பில் உட்கார்ந்து கட்டுச்சோற்றைப் பிரித்தேன். அரிசியும் பருப்பும் சேர்த்து ஆக்கிய சோறு, மேலே நெய். எங்கள் ஊர்க்காரருக்கு உறைப்பு இல்லாமல் சோறு இறங்காது. இதில் உறைப்பும் இல்லை, குழம்பும் இல்லை, ஆனால் ஆணி கிடைப்பதற்குள் பொட்டலம் காலியாகிவிட்டது. கோயில் கோபுரத்தைப் பார்த்ததும் பையன்கள் ஓடினார்கள். குளத்தங்கரையில் ஓர் அம்மாள் என்னிடம், "ஏனுங்க, ஊட்டுக்காரரு வரலீங்களா?" என்றாள். எனக்குக் கல்யாணமாகவில்லை என்றேன். அவள் என் மனம் நோகக் கூடாதென்று, "அதும் நல்லதுதானுங்க, தொல்லையில்லை" என்று சொல்லி ஒரு வாழைப்பழம் கொடுத்தாள். ஊரில் என் சொந்தச் சித்திகூட இவ்வளவு இதமாக அந்தப் பேச்சை முடித்ததில்லை.

பொழுது சாய்ந்து வீட்டுக்கு வந்தால் பழனாத்தாள் பாட்டு முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். கயிறு முழுவதும் துணி, கொக்குக் கூட்டம் போல வெள்ளை வெளேரென்று. அன்றைக்கு அதை யாரும் தொட்டியில் திருப்பிப் போடவில்லை. ஆறுமுகம்கூட என்னைப் பார்த்து ஒரு முழு வாக்கியம் பேசினார்: "சாமி நல்லாக் கும்புட்டீங்களா?" வெள்ளிக்கிழமைக்கு முன் இன்னொரு நல்ல வெயில் காட்டி, மடித்து மூட்டை கட்டினால் வேலை முடிந்தது என்றாள் அவள்.

வியாழக்கிழமை, போன ஒரு நாளையும் சேர்த்துப் பிடிக்க வேண்டுமென்று பேராசிரியர் இரண்டு மடங்கு வேகத்தில் விசில் ஊதினார். காற்றும் அன்று இரண்டு மடங்கு. பத்து மணிக்கு நான் தண்ணீர் குடிக்க வீட்டுக்கு வந்தபோது, நேற்றைய வெள்ளையெல்லாம் செம்பட்டையாகக் கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தது. பழனாத்தாள் தொட்டியடியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். வேலை செய்யவில்லை, சும்மா உட்கார்ந்திருந்தாள். அந்தப் பெண் சும்மா உட்கார்ந்து நான் அதுவரை பார்த்ததே இல்லை. கயிற்றில் தொங்கிய ஒரு துணியைத் தொட்டுப் பார்த்தேன்; விரலில் செம்மண் ஒட்டியது.

"இது நேற்றுக் காய்ஞ்ச துணிதானே?" என்றேன்.

"வாங்க. சித்தெ மோர் குடிக்கறீங்களா?"

"நாங்கள் கிளப்பிற புழுதிதானே இது? ஒவ்வொரு நாளும் இதைத்தானே திருப்பித் திருப்பி அலசினீங்கள்?"

"போச்சாதுங்க" என்றாள். பரவாயில்லை, விடுங்கள் என்று அர்த்தம். "மத்தியானத்துக்குச் சந்தவை பிழியட்டுங்களா?"

எனக்கு வந்த கோபத்தில் சத்தம் போட்டுவிட்டேன். "சந்தவை கிடக்கட்டும்! ஏன் முதலே சொல்லேல்லை? நாளைக்கெல்லோ மாஸ்டர் வாறார்!"

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "எப்புடிங்க சொல்றது? ஊட்டுல ஒறம்பரை நீங்க. அந்தப் பசங்க யாரு பெத்த புள்ளைகளோ, நம்மூருக்கு நல்லது பண்ண வந்து கை காச்சுப்போயி நிக்குதுங்க. அவிங்ககிட்டப் போயி வேண்டாம்னு சொன்னா வாய் வேகாதுங்களா?"

எப்ப முடியும் என்று கேட்டது, பொழுதோடு வேலை செய்யச் சொன்னது, கோயிலுக்கு அனுப்பியது எல்லாவற்றுக்கும் அப்போதுதான் எனக்கு அர்த்தம் புரிந்தது. நேராக ரோட்டுக்குப் போய்ப் பேராசிரியரிடம் விஷயத்தைச் சொன்னேன், வெள்ளிக்கிழமை வரை மண்வெட்டியைக் கீழே வைக்கும்படி கேட்டேன். மனுஷன் இடிந்துபோனார். முதலில் நம்பவில்லை. பிறகு, சனிக்கிழமை அதிகாரி வந்து பாதி ரோட்டைப் பார்த்தால் அடுத்த வருடம் முகாமே இருக்காது என்றார். ஒரு பட்டறைக்காக ஊர் ரோட்டை நிறுத்துவது சரியா என்றும் கேட்டார். கேள்வி நியாயம்தான். ஊரையே கேட்டுவிடலாம் என்று பட்டறைக்குப் பக்கத்து வேப்பமரத்தடியில் இருந்தவர்களைக் கூப்பிட்டார்.

"ரோட்டு வேலையை நிறுத்தலாமா?"

"நிறுத்துங்க சாமி."

"சரி, நிறுத்தாமத் தொடர்ந்தா?"

"செய்யுங்க சாமி. நீங்க பாத்து எப்புடிச் சொன்னாலும் சரீங்க."

பேராசிரியர் தலையில் கை வைத்துக்கொண்டார். "இந்த ஊர்ல யாராவது ஒருத்தர் வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லுங்களேன்!" என்று கத்தினார். எல்லாரும் அவருக்காக வருத்தப்பட்டார்கள். ஒருவர் ஓடிப்போய் இளநீர் கொண்டுவந்தார்.

மாணவர் தலைவன் சுப்பிரமணி உடுமலைப்பேட்டைப் பையன், இந்தப் பக்கத்துப் பிள்ளை. அவன் மெதுவாக வாயைத் திறந்தான். "சார், அந்தக்கா துணில புழுதி படறது எனக்குத் திங்கக்கெழமையே தெரியுமுங்க சார்."

"அடப்பாவி! ஏண்டா சொல்லலை?"

"நீங்க கேக்கலீங்களே சார். நானாப் போயி உங்ககிட்ட எப்புடிங்க சொல்றது?"

பேராசிரியருக்குக் கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன், சிரிப்புத்தான் வந்தது. விசிலை எடுத்து நீளமாக ஊதி, மண்வெட்டிகளைப் போட்டுவிட்டு எல்லாரும் பட்டறைக்குப் போகும்படி சொன்னார்.

அன்று மத்தியானம் நடந்த சமூக சேவையை எந்தப் பல்கலைக்கழகமும் பாடத்திட்டத்தில் சேர்க்காது. பொருளாதார மாணவர்கள் தொட்டிக்குள் இறங்கினார்கள். ஒருவன் துணிக் குழாய்க்குள் தலையை விட்டு வெளியே வர வழி தெரியாமல் கூவினான். இரண்டு பேர் ஒரே துணியை ஆளுக்கொரு பக்கம் முறுக்கி, அதைக் கயிறாக்கி இழுத்துப் போட்டி வைத்தார்கள். ஒரு மூட்டையைச் சேற்றுக் காலோடு மிதித்தே விட்டார்கள். பழனாத்தாள் ஓடி ஓடி வந்து, "நல்லாத்தான் பண்றீங்க கண்ணு. அந்த வேப்பமரத்தடில நெழலு சொகமா இருக்குதுங்க, சித்தெ உக்காந்துக்குங்களேன்" என்றாள். "டேய், வெளிய போங்கடான்னு அர்த்தம்டா" என்று சுப்பிரமணி மற்றவர்களுக்கு விளக்கினான். இப்போதெல்லாம் அவன் உடனுக்குடன் சொல்லிவிட வேண்டும் என்பது பேராசிரியரின் உத்தரவு. கைப்பக்குவம் உள்ளவர்களை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களைத் தண்ணீர் இறைக்க அனுப்பினோம். மின்சாரம் நின்று மோட்டாரும் ஓய்ந்துவிட்டதால் அதற்கும் ஆள் வேண்டியிருந்தது.

வெள்ளிக்கிழமை காலை கயிறுகள் மறுபடியும் வெள்ளையாயின. ரோட்டில் ஈ காக்கை இல்லை. வெயில் நன்றாக அடித்தது. கட்டிங் மாஸ்டர் சைக்கிளில் வந்தார். சின்ன உருவம், பெரிய மூக்குக்கண்ணாடி, யாரையும் பார்த்துச் சிரிப்பதில்லை. துணியின் ஒரு முனையைப் பிடித்து வெயிலில் நீட்டினார், விரலுக்கிடையில் தேய்த்தார், அடுத்ததற்குப் போனார். பழனாத்தாள் அவருக்குப் பின்னால் கையைப் பிசைந்துகொண்டே போனாள். பையன்கள் வேப்பமரத்தடியில் பரீட்சை முடிவுக்கு நிற்பவர்களைப் போல நின்றார்கள்.

அதிகாரிகள் வருகிறேன் என்று சொன்ன நாளில் வருவது அபூர்வம். சனிக்கிழமை வர வேண்டியவர் வெள்ளிக்கிழமையே வந்துவிட்டார். தார்ச்சாலையிலிருந்து ஒரு ஜீப் திரும்பி, நாங்கள் வெட்டிப் போட்டுக் கெட்டிப்படுத்தாமல் விட்டிருந்த உதிரி மண்ணில் ஏறியது. அதன் பின்னால் ஒரு பனைமர உயரத்துக்குச் சிவப்புப் புழுதி எழும்பியது. காற்று மேற்கிலிருந்து வீசிக்கொண்டிருந்தது. கட்டிங் மாஸ்டர் இன்னும் பாதித் துணியைத்தான் பார்த்திருந்தார்.

பேராசிரியர் கையை ஆட்டினார். சுப்பிரமணி "சார்! சார்!" என்று கத்தினான். ஜீப் நிற்கவில்லை; வரவேற்பு என்று நினைத்து ஓட்டுநர் ஹாரன் அடித்தார்.

பழனாத்தாள் ஓடினாள். கொடியைத் தாண்டி, வரப்பைத் தாண்டி, ரோட்டின் நடுவில் போய் இரண்டு கையையும் விரித்து நின்றாள்.

"நிறுத்துங்க! வண்டியில வராதீங்க! வேண்டாம்! வேண்டாம்னு சொல்றனில்லீங்க!"

ஜீப் அவளுக்குக் கொஞ்ச தூரத்தில் குலுங்கி நின்றது. ஆறுமுகம் பிடித்திருந்த மாட்டுக் கயிறு கையிலிருந்து நழுவிவிட்டது. கறுப்புக் கண்ணாடி போட்ட அதிகாரி தலையை நீட்டி, "என்னம்மா?" என்றார்.

"துணி காயுதுங்க. எறங்கி நடந்து வாங்க."

அவர் இறங்கினார். வேறு என்ன செய்வார்? காலில் பளபளக்கும் சப்பாத்தோடு அந்த மண்ணில் புதையப் புதைய நடந்து வந்தார். பேராசிரியரிடம், "யார் இந்த அம்மா?" என்று கேட்டார்.

"இந்த ஊரில் எனக்கு நேராப் பதில் சொன்ன முதல் ஆள், சார்" என்றார் பேராசிரியர். அவர் குரலில் இருந்தது பெருமைதான். பிறகு நடந்தது முழுவதையும் ஒளிக்காமல் சொன்னார், ரோடு பாதியில் நிற்பதையும் சேர்த்து. அதிகாரி முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

கட்டிங் மாஸ்டர் இதையெல்லாம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கடைசிக் கயிறு வரை போனார். பையன்கள் மிதித்த ஒரு மூட்டையை மட்டும் ஒதுக்கி, "இது ஆகாதுங்க" என்றார். மற்றதை வண்டியில் ஏற்றும்படி சொன்னார். வேப்பமரத்தடியில் பையன்கள் துள்ளிக் குதித்தார்கள். நான் பழனாத்தாளின் வெடித்த கையை எட்டிப் பிடித்துக்கொண்டேன். எனக்கு அழுகை வந்துவிட்டது, மறைக்கவும் இல்லை.

"வெள்ளை நல்லா வந்திருக்குதுங்க" என்றார் மாஸ்டர், கண்ணாடியைக் கழற்றிக்கொண்டே. "அடுத்த லோடு திங்கக்கெழமை அனுப்பி உடட்டுங்களா?"

அவள் வாழ்க்கையில் எதிர்பார்த்திருந்த கேள்வி அதுதான். பழனாத்தாள் கயிற்றைப் பார்த்தாள். பாதியில் கிடந்த ரோட்டையும், மரத்தடியில் கிடந்த மண்வெட்டிகளையும் பார்த்தாள்.

"வேண்டாங்க" என்றாள்.

மாஸ்டர் கண்ணாடியைத் திரும்பப் போட்டுக்கொண்டார்.

"ரோடு முடியறவரைக்கும் வேண்டாங்க. பசங்க முடிச்சுப்போட்டுப் போகட்டும். அப்பறம் அனுப்புங்க."

"நான் வேற பட்டறைக்குக் குடுத்துருவனுங்களே."

"குடுத்துக்குங்க. அதுக்கடுத்தது எனக்குக் குடுங்க."

அவள் முந்தானையை இறுகப் பிடித்துக்கொண்டாள். ஆனால் சொன்னதை மாற்றவில்லை. மாஸ்டர் அவளையும், வண்டியில் ஏறிக்கொண்டிருந்த வெள்ளையையும் மாறி மாறிப் பார்த்தார். "சரீங்க" என்று சைக்கிளை எடுத்தார். "முடிஞ்சதும் சொல்லி உடுங்க. லோடு இருக்கும்."

அதிகாரி எதையோ சொல்ல வாயெடுத்தார். பேராசிரியர் அவரைக் கவனிக்கவில்லை; பழனாத்தாள் முன்னால் போய் நின்றார். ஒரு வாரமாக அவளுக்குத் தைரியம் சொல்லிக்கொண்டே இருந்த மனிதர், முதல் தடவையாக அவளிடம் கேட்டார்: "அம்மா, வேலையை எப்ப ஆரம்பிக்கட்டும்?"

அவள் திரும்பிப் பார்த்தாள். கடைசி மூட்டையும் வண்டியில் ஏறிவிட்டது. ஆறுமுகம் அதன் மேல் தார்ப்பாயை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார்.

"இப்பவே எடுங்க சாமி," என்றாள். "கயித்துல ஒண்ணுமில்லை. எவ்வளவு புழுதி வேணும்னாலும் கெளப்புங்க."